இருபது கிலோ ராயப்பன்

தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு, அறுபத்திரண்டு.

சேலம், திருச்சி, மதுரை, தூத்துக்குடி. ஏழு மாதமாக, சிறுசேரி அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்துவந்தது இந்த நாலு எண்களைத்தான். முதல் மூன்றும் பச்சை. நாலாவது சிவப்பு. அந்தச் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் நிறுவனம் செயற்கைக் கால் செய்கிறது. முழங்காலில் மோட்டார், தானே நீளக்கூடிய கெண்டைக்கால் பகுதி, உள்ளங்கையளவு கணினி. தமிழ்நாடு முழுக்கப் பதினோராயிரம் பேர் அதில் நடக்கிறார்கள். வாரம் ஒருமுறை, சார்ஜில் கிடக்கும்போது, ஒவ்வொரு காலும் தனக்கான மென்பொருளைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அந்த ஆளின் எடை, மிச்சமிருக்கும் தொடையின் நீளம், இடதா வலதா, எந்த மாடல் என்று ஒரு பட்டியல். அதை வைத்து மென்பொருளைப் புதிதாகக் கட்ட நாற்பது நிமிடம் ஆகும். கட்டியதைத் தூக்கி எறியாமல் சேமித்து வைத்தால், அடுத்த வாரம் அதே கால் அதே பட்டியலோடு வரும்போது ஒரே வினாடியில் எடுத்து நீட்டிவிடலாம். தொழிலில் இதற்குப் பில்ட் கேஷ் என்று பெயர். நாங்கள் கிடங்கு என்போம்.

முன்பு ஒரே கிடங்குதான், சிறுசேரியில். ஒரு நாள் எவனோ சாலை தோண்டும்போது கேபிளை வெட்டிவிட்டான். அன்றைக்கு மென்பொருள் கேட்ட ஆயிரத்தைந்நூறு கால்கள் ‘காத்திருக்கவும்’ என்று விளக்கெரித்துக்கொண்டு சுவரோரம் நின்றன. ஆயிரத்தைந்நூறு பேர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றுதான் நான் மேஜையைத் தட்டிச் சொன்னேன்: கிடங்கை நாலு ஊருக்குப் பிரிப்போம், அந்தந்த வட்டாரத்துக் காலுக்கு அந்தந்த ஊரிலேயே விடை இருக்கட்டும். எட்டே வாரத்தில் முடித்தும் காட்டினேன். தமயந்தி என்றால் சும்மாவா?

நூறு கால் கேட்டால் தொண்ணூற்றேழுக்குக் கிடங்கிலேயே விடை இருக்கிறது என்பதுதான் அந்த எண். தூத்துக்குடியில் மட்டும் அறுபத்திரண்டு. ஏன் என்று தோண்டினேன். அங்கே குழந்தைகள் மறுவாழ்வு மையத்தில் ஜெசிந்தா பெர்னாண்டோ என்ற பிசியோதெரபிஸ்ட், பிள்ளைகளின் எடையை வாராவாரம் மாற்றிக்கொண்டிருந்தார். எடை என்பது வருடத்துக்கு ஒருமுறை, முழுப்பரீட்சை முடிந்து நடக்கும் முகாமில் மட்டும் மாற வேண்டியது. இவரோ ஒரு பையனுக்கு இருபத்தெட்டே கால், அடுத்த வாரம் இருபத்தெட்டு, அதற்கடுத்த வாரம் இருபத்தெட்டரை என்று ஊஞ்சல் ஆட்டியிருக்கிறார். அப்பட்டமான பொய். எடை மாறினால் பட்டியல் மாறும், பட்டியல் மாறினால் கிடங்கில் விடை இருக்காது, புதிதாகக் கட்ட வேண்டும்.

என் மேலதிகாரி நாச்சியப்பன் சாரிடம் காட்டினேன். அவர் ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தார். மருத்துவப் பதிவில் பொய்த் தகவல், உடனடிப் பணிநீக்கம். “நேர்ல போய்க் கையெழுத்து வாங்கிட்டு வந்துடு. திங்கட்கிழமை போர்டு மீட்டிங். அன்னிக்கே முகாமும் ஆரம்பம். நாலும் பச்சையா இருக்கணும்.”

வெள்ளிக்கிழமை காலையில் தூத்துக்குடியில் இறங்கினேன்.

ஜெசிந்தாவுக்கு ஐம்பது வயதிருக்கும். குள்ளம், கனத்த தோள். மையத்தின் நீண்ட அறையில் இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பிகள், நடுவில் எடை மெஷின், மூலையில் பிரசவ வார்டு மாதிரி வரிசையாகச் சார்ஜில் கிடக்கும் கால்கள். நான் யாரென்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததுதான் எனக்குப் புரியவில்லை.

“சென்னையில இருந்தா? அம்மாடி, ஒருவழியா வந்தியளே! பதினோரு கம்ப்ளெயிண்ட் போட்டேன் மேடம். ஒருத்தரும் எட்டிப் பாக்கல. டீ குடிக்கியளா?”

“நான் டீ குடிக்க வரல. எதுக்கு எடையைப் பொய்யா போடுறீங்க?”

“பொய்யாத்தான் போடுதேன்” என்றார், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல். “தண்ணி பாட்டிலக் கையில குடுத்து மெஷின்ல ஏத்துவேன். அடுத்த வாரம் பாட்டில் இல்லாம. ஒரு தடவ போட்ட எடைய மறுபடி போட மாட்டேன். அப்பதான் கால் நீளுது.”

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. “எடைக்கும் நீளத்துக்கும் சம்பந்தமே இல்லைங்க. கால் கிலோ கூடினா மோட்டாரோட விசைதான் மாறும். கிடங்குன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? டெய்லர் கடையில அளவு நோட்டு இருக்கில்ல? அளவு மாறலன்னா, போன தடவ வெட்டின வெட்டையே எடுத்துத் தைப்பான். அதே அளவு, அதே சட்டை. நீங்க சும்மா சும்மா அளவை மாத்திச் சொல்லி எல்லாரையும் மறுபடி வெட்ட வைக்கிறீங்க.”

ஜெசிந்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வளர்ற பிள்ளைக்கு எந்த டெய்லர் மேடம் பழைய அளவுல தைப்பான்?”

நான் பதில் சொல்வதற்குள் அவர் உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். “ஏ ஆன்சலின், இங்கன வா.”

பத்து வயதுப் பெண் ஒருத்தி தாங்கித் தாங்கி நடந்து வந்தாள். வலது கால் எங்களுடையது. ஏழு மாதமாக மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தவள், பரீட்சை முடிந்து நேற்றுத்தான் ஊர் திரும்பியிருந்தாள். என் தொண்ணூற்றேழு சதவீத மதுரை.

“திரும்பி நில்லு” என்ற ஜெசிந்தா, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றை எடுத்துப் பெண்ணின் இடுப்பெலும்புகளுக்குக் குறுக்கே வைத்தார். நீர்க்குமிழி ஒரு பக்கமாக ஓடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. “ஒன்றரை சென்டிமீட்டர் பள்ளம். இடுப்பு வலிக்கா பிள்ளை?”

“படி ஏறினா வலிக்கும் மிஸ்.”

“அங்க யார்ட்டயும் சொல்லலையா?”

“சொன்னேன். கம்ப்யூட்டர்ல சரியா இருக்குன்னு சொல்லிட்டாங்க.”

ஆன்சலினை உட்கார வைத்துக் காலைக் கழற்றிச் சார்ஜில் போட்டார் ஜெசிந்தா. தண்ணீர் பாட்டிலோடு அவளைத் தூக்கி எடை மெஷினில் நிறுத்தி, வந்த எண்ணை என் கண் முன்னாலேயே பதிந்தார். பிறகு நாற்பது நிமிடம் காத்திருந்தோம். டீயும் வந்தது. குடித்தேன்.

சரியாக நாற்பதாவது நிமிடத்தில், மேஜை மேல் கிடந்த அந்தக் கால் உய்ங் என்று ஒரு சத்தம் போட்டு நீண்டது. டேப்பை வைத்து நானே அளந்தேன். ஒன்றரை சென்டிமீட்டர். மாற்றியது இருநூறு கிராம் எடை, மாறியது ஒன்றரை சென்டிமீட்டர் நீளம். என் வாழ்நாளில் நான் நம்பிய ஒரே வாக்கியம், ‘அதே உள்ளீடு, அதே விடை’ என்பது. அது என் கண்ணெதிரே பல்லை இளித்தது.

“இத இப்பவே மாட்டிவிட்டா பிள்ளை குப்புற விழும்” என்றார் ஜெசிந்தா. ஆன்சலினின் நல்ல காலுக்கான செருப்பை எடுத்து, அட்டைகளைக் கத்தரித்து ஒன்றன் மேல் ஒன்றாக உள்ளே வைத்தார். “நீளம் திடீர்னு கூடிட்டுல்லா? இந்தப் பக்கத்தையும் ஒசத்திட்டு, வாரத்துக்கு ஒரு அட்டையா உருவணும். உடம்பு மெதுவாத்தான் ஒத்துக்கிடும்.”

பதறிப்போய் மடிக்கணினியைத் திறந்தேன். நீளத்தை எந்த வரி தீர்மானிக்கிறது என்று தேடிப் போனால், பத்து வருடப் பழைய நிரலுக்குள் ஒரு பகுதி, ‘வளரும்பிள்ளை’ என்று பெயரிட்டு உட்கார்ந்திருந்தது. எழுதியவர் ஹமீது பாய். எனக்கு முன்னால் கிடங்கைக் கவனித்தவர், இப்போது ஓய்வு பெற்றுக் கீழக்கரையில் இருக்கிறார். அந்த டெய்லர் உதாரணத்தையே எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். போன் போட்டேன்.

“வளரும்பிள்ளையா? அட, நான் எழுதினதுதாம்மா” என்று சிரித்தார். “வாப்பாவோட கடைக்கு யூனிஃபார்ம் தைக்க வர்ற அம்மாமாருங்க எல்லாம் சொல்லுவாங்க, வளர்ற பிள்ளை, கொஞ்சம் விட்டுத் தைங்க பாய்னு. அதே கணக்குத்தான். பதினெட்டு வயசுக்குள்ள இருந்தா, கட்டுற அன்னிக்கு என்ன வயசுன்னு பாத்து அதுக்கேத்த நீளம் கொடுக்கும்.”

“கட்டுற அன்னிக்குன்னா, அன்னிக்குத் தேதி. தேதியைப் பட்டியல்ல சேர்க்கவே இல்லையே பாய்?”

“சேர்க்கலையா?”

“இல்லை. தேதி மாறினாலும் கிடங்குக்குத் தெரியாது. பழைய விடையையே கொடுத்துக்கிட்டிருக்கு.”

“அப்படின்னா ஒம்பது வருஷமா எப்படிம்மா சரியா இருந்துச்சு?”

எப்படி என்று அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக் கழுவல். ஹமீது பாய் காலத்தில் வெள்ளிக்கிழமை மத்தியானம் கிடங்கைச் சுத்தமாகக் காலி செய்து, எல்லாவற்றையும் அடியிலிருந்து மறுபடி கட்டுவார்கள். மெஷின் அறை அனலாகக் கொதிக்கும். வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிறார்கள் என்று நாங்கள் இளசுகள் கேலி பண்ணுவோம். நாலு ஊருக்குப் பிரித்தபோது நான் முதலில் நிறுத்தியது அதைத்தான். வெட்டிச் சடங்கு என்று குறிப்பில் எழுதியும் வைத்தேன்.

“பாய், நீங்க கழுவினது இதுக்காகத்தானே?”

“இதுக்காகவா? இல்லம்மா, பொய் சொல்ல மாட்டேன். ஜும்மாவுக்குப் போனா ரெண்டு மணி நேரம் மெஷின் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கே, ஒரு தடவ சுத்தமாக் கட்டட்டுமேன்னு ஓட விட்டுட்டுப் போவேன். அவ்வளவுதான்.”

ஒரு மனுஷன் தொழுகைக்குப் போய் வந்த நேரத்தில் ஒன்பது வருடம் பிள்ளைகள் நேராக நடந்திருக்கிறார்கள். யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. கெட்டிக்காரியான நான் வந்து நிறுத்தினேன்.

புகார்களைத் தேடிப் பார்த்தேன். ஜெசிந்தாவின் பதினொன்று மட்டுமில்லை. நாலு ஊரிலிருந்தும் நூற்றுநாற்பது வந்திருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே தானியங்கிப் பதில்: ‘உள்ளீடு மாறவில்லை. எனவே விடை சரியானது.’ அந்த வாக்கியத்தை எழுதியது நான். திருச்சியில் ஒரு பையனுக்கு நடுவில் எடையைத் திருத்தியிருக்கிறார்கள். மறுநாளே கால் திடீரென்று நீண்டு, பள்ளிக்கூட மாடிப்படியில் உருண்டு, காறையெலும்பு முறிந்திருந்தது. அந்தப் புகாருக்கும் பதில் போயிருந்தது. ‘உள்ளீடு மாறியது. எனவே விடை மாறியது.’ எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆனால் உட்கார்ந்து அழுகிற ஜாதி இல்லை நான். தப்பு எங்கே என்று தெரிந்தாகிவிட்டது, சரிசெய்ய எனக்குத் தெரியும். நாலு கிடங்கையும் ஒரே கட்டளையில் துடைத்துவிடலாம். எல்லாக் காலும் புதிதாகக் கட்டப்படும், இன்றைய வயதுக்கு. பத்து வினாடி வேலை. கட்டளையை அடித்தேன். விரல் கடைசிப் பொத்தானுக்குப் போனது.

“என்ன மேடம் செய்யுதிய?”

“நாலு ஊர்லயும் மொத்தமாத் துடைக்கிறேன். எல்லாப் பிள்ளைக்கும் கால் சரியாயிடும்.”

“ஏ, நிப்பாட்டுங்க!” ஜெசிந்தா என் மணிக்கட்டையே பிடித்துவிட்டார். மீன்கூடை தூக்கிய குடும்பத்துக் கை, வலித்தது. “இப்பதான ஒரு பிள்ளைக்கு அட்டை வச்சேன்? கண்ணால பாத்தியள்லா? அங்க எத்தன பிள்ளைய?”

“ரெண்டாயிரம்.”

“ரெண்டாயிரம் பிள்ளையும் ஒரே காலையில ஒன்றரை சென்டிமீட்டர் ஒசந்து எந்திச்சா, எத்தன பேரு விழுவான்? எத்தன பேரு மாடிப்படியில நிப்பான்?”

கையை எடுத்தேன். அழுக்கு இருந்தால் துடை, மறுபடி கட்டு என்றுதான் எங்கள் ஆட்களுக்குக் கை போகும். கட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். கட்டி முடித்ததை ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும் என்பது எங்கள் திரையில் தெரிவதில்லை.

அப்போதுதான் திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. முகாம். நாலு ஊரிலும் எடை பார்த்துப் பதிவார்கள். பதிந்ததும் எல்லாக் காலும் நீளும். நான் எந்தப் பொத்தானையும் அழுத்தாவிட்டாலும் அதேதான் நடக்கும்.

“வாரத்துக்கு எவ்வளவு நீண்டா ஒரு பிள்ளை தாங்கும்?” என்று கேட்டேன்.

“ரெண்டு மில்லிமீட்டர். அதுக்கு மேல வேண்டாம்.”

நான் கணக்குப் போட்டேன். தேதியைப் பட்டியலில் சேர்க்க வேண்டும், ஆனால் இன்றைய தேதியை அல்ல. ஒவ்வொரு பிள்ளையின் காலும் கடைசியாகக் கட்டப்பட்ட தேதியிலிருந்து, பலருக்கு அது ஏழு மாதத்துக்கு முன்னால், தொடங்கி, வாரத்துக்கு ஒரு மாதமாக ஓட்டி, நிகழ்காலத்தைப் பிடிக்க வேண்டும். பத்து வாரம் போதும். ஜெசிந்தாவின் அட்டைகளைத்தான் நான் நிரலில் எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் நாச்சியப்பன் சார் கூப்பிட்டார்.

“தமயந்தி, கையெழுத்து வாங்கியாச்சா?”

“லெட்டரைக் கிழிச்சுட்டேன் சார். முகாமைப் பத்து வாரம் தள்ளி வைக்கணும், இன்னிக்கே.” நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, நான் நிறுத்திய கழுவலையும் சேர்த்து.

“போர்டுக்குத் தொண்ணூத்தேழு காட்டறதா சொல்லியிருக்கேனே.”

“அந்தத் தொண்ணூத்தேழுல பிள்ளைங்களும் அடக்கம் சார். அத்தனை பேரும் ஏழு மாசம் முந்தின கால்ல நடக்குறாங்க. அறுபத்திரண்டு காட்டுற ஊர்லதான் நேரா நடக்குறாங்க. வேணும்னா என்னையே போர்டு முன்னாடி நிறுத்துங்க, நான் சொல்றேன்.”

அவர் பெருமூச்சு விட்டார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். “முகாம்காரங்களுக்கு என்ன காரணம் எழுதட்டும்?” என்றார்.

“உண்மையை எழுதுங்க சார்.”

எழுதினார். போர்டு முன்னால் நான் நின்றேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன், பதவி உயர்வு போனது. ஆனால் கிடங்கை மட்டும் மறுபடி சிறுசேரிக்கு இழுக்க நான் விடவில்லை. ஏன் விட வேண்டும்? பெரியவர்களின் கால் இன்றும் ஒரு வினாடியில் விடை வாங்குகிறது. பிள்ளைகளின் காலை வாராவாரம் புதிதாகக் கட்ட நாலு ஊரிலும் மெஷின் இருப்பதால்தான் முடிகிறது. ஒரே இடமாக இருந்திருந்தால் பழையபடி வெள்ளிக்கிழமை மத்தியானம் கொதித்திருப்போம். இப்போது என் திரையில் எழுபத்தாறு, எழுபத்தொன்று, எழுபத்துநாலு, அறுபத்திரண்டு. நாலும் சிவப்பு. காலையில் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

பத்து வாரம் கழித்து, தூத்துக்குடிப் பட்டியலில் ஒரு புதுப் பெயரைப் பார்த்தேன். ராயப்பன், ஏழு வயது, வலது கால். பிள்ளைகளின் எடையை இப்போது வாராவாரம் பார்த்துப் பதிகிறோம். இவனுக்கு இருபது கிலோ. அடுத்த வாரமும் இருபது கிலோ, கிராம் சுத்தமாக. அதற்கடுத்த வாரமும். முகவரி, மறுவாழ்வு மையத்தின் முகவரியேதான். எந்தப் பிள்ளையும் அப்படி நிற்காது. போனை எடுத்தேன்.

“ஜெசிந்தா மேடம், மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா? யார் இந்த ராயப்பன்?”

“அதுவா? எங்க அண்ணன் மீன் ஏலக்கூடத்துல வச்சிருந்த எடைக்கல்லு மேடம்” என்றார் சாவதானமாக. “பிள்ளையளுக்கு எடை ஏறும் எறங்கும். கால் எதனால நீண்டுச்சுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? இவனுக்கு ஒண்ணுமே மாறாது, வயசு மட்டுந்தான் ஏறும். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை உதிரிக் கால் ஒண்ண இவன் பேர்ல சார்ஜுல போட்டு அளந்து பாப்பேன். நீண்டிருந்தா, நீங்க அங்க ஒழுங்கா இருக்கியன்னு அர்த்தம்.”

“எங்களை நம்பலையா?”

“நம்புதேன் மேடம். அளந்துட்டு நம்புதேன்.”

விதிப்படி அது பொய்ப் பதிவு, அழித்திருக்க வேண்டும். எங்கள் குழுவில் பன்னிரண்டு இன்ஜினியர்கள் சேர்ந்து யோசித்தும் இதைவிடச் சுத்தமான ஒரு சோதனையை எங்களால் எழுத முடியவில்லை. மற்ற மூன்று ஊருக்கும் ஆளுக்கொரு இருபது கிலோ எடைக்கல் வாங்கி அனுப்பினேன். இப்போது நாலு ஊரிலும் ஒரு ராயப்பன் இருக்கிறான்.

மூன்று வருடம் ஓடிவிட்டது. போன வெள்ளிக்கிழமை தூத்துக்குடி ராயப்பனுக்குப் பத்து வயது முடிந்தது. ஜெசிந்தா படம் அனுப்பியிருந்தார். மேஜை மேல் கேக், அதன் பக்கத்தில் காகிதத் தொப்பி போட்ட இரும்புக் கல், சுற்றிலும் பிள்ளைகள். நடுவில் ஆன்சலின், எல்லோரையும்விட உயரமாக வளர்ந்து, கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

படத்தைப் பெரிதாக்கினேன். மேஜை டிராயரிலிருந்து ஸ்கேலை எடுத்து, அவள் இடுப்புக்குக் குறுக்கே திரையில் வைத்துப் பார்த்தேன். மட்டமாக இருந்தது.